ஆற்காட்டுப் பெட்டியோடு ஓர் இத்தாலியன் தேர்வுக்கு

ஹைதராபாத் போய்விட்டு வந்தவர்கள் வழக்கமாக எழுதுகிற எதுவும் இந்தக் கட்டுரையில் கிடையாது. சார்மினாரை நான் ஆட்டோவிலிருந்துகூடப் பார்க்கவில்லை. கோட்டைக்குப் போகவில்லை, முத்து வாங்கவில்லை. போன ஜூலையில் இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு, தார்நாகாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் மாடி வராந்தாவை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். என் மகள் பவித்ராவின் வாய்மொழித் தேர்வைப் பார்க்கத்தான் அந்தப் பயணம். பிள்ளைகளை வெளிமாநிலத்தில் மொழி படிக்க அனுப்பியிருக்கும், அனுப்ப யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். குறைந்தபட்சம் நான் செய்ததை நீங்கள் செய்யாமல் இருக்க உதவும்.

பவித்ரா படிப்பது இத்தாலிய மொழியும் பண்பாடும். மூன்று வருட இளங்கலை. நாங்கள் ராணிப்பேட்டைக்காரர்கள். எங்கள் ஊர்த் தோல் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் இத்தாலியிலிருந்து வருகின்றன, அவற்றை மாட்டிக் கொடுக்க ஆட்களும் அங்கிருந்தே வருவார்கள். பவித்ரா பத்தாவது படிக்கும்போது கடைத்தெருவில் அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து ஆரம்பித்த ஆசை இது. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் எனக்கு இது சோறு போடுமா என்று பெரிய சந்தேகம். ஒரு மாதம் வீட்டில் சண்டை, அப்புறம் வழக்கம்போல அவள் ஜெயித்தாள்.

கடைசி செமஸ்டரில் எல்லாத் தாளும் முடித்துவிட்டாள், ஒன்றைத் தவிர. வாய்மொழித் தேர்வு நடந்த வாரம் அவள் டெங்கு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விட்டுப்போனவர்களுக்காக ஜூலையில் ஒரு நாள் மறுபடி வைத்தார்கள். தேர்வாளர் இத்தாலியிலிருந்து வந்திருந்த வருகைப் பேராசிரியர், சில்வியா. தேர்வுக்கு மறுநாள் அவர் ஊருக்குக் கிளம்புகிறார். அன்றைக்கு விட்டால் அடுத்த வருடம்தான் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரிலேயே இயந்திரம் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனம் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, பட்டம் கையில் இருந்தால். ஒரு வருடம் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தேர்வை எப்படிப் பார்க்க முடியும் என்று கேட்பீர்கள். நம் பக்கத்தில் தேர்வு என்றால் அப்பா கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பதுதான் முறை. இத்தாலியில் வாய்மொழித் தேர்வு திறந்த கதவுக்குள் நடக்குமாம். யார் வேண்டுமானாலும் வந்து பின்னால் உட்காரலாம். மதிப்பெண்ணையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார்கள். சில்வியா இங்கேயும் அதே முறையை வைத்திருந்தார். இதைப் பவித்ரா போனில் சொன்னதும் நான் டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன்.

"வரணும்னா வாங்கப்பா. ஆனா யாருக்கும் எதுவும் வாங்கினு வராதீங்க. புரியுதா?" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் 'எதுவும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்' என்பது உபசார வார்த்தை. சொல்கிறவர் அதை நம்பிச் சொல்வதில்லை, கேட்கிறவர் அதை நம்பி வெறுங்கையோடு போவதுமில்லை. அப்படிப் போய்விட்டால் பத்து வருடம் கழித்தும் கல்யாண வீட்டில் அதைப் பேசுவார்கள். எனவே பாலாற்றைத் தாண்டி ஆற்காட்டுக்குப் போய் மக்கன் பேடா இரண்டு கிலோ வாங்கினேன். தெரியாதவர்களுக்காக: உள்ளே முந்திரி, பாதாம், திராட்சை எல்லாம் வைத்துப் பொரித்து ஜீராவில் ஊறப்போடுகிற இனிப்பு. இரண்டு பெட்டி. ஒன்று தங்கப்போகிற வீட்டுக்கு, ஒன்று சில்வியாவுக்கு.

காட்பாடியில் மாலை ஏறினால் காலையில் காச்சிகுடா. ஏறத்தாழ அறுநூற்று ஐம்பது கிலோமீட்டர், ஸ்லீப்பர் நானூறு ரூபாய்க்குள். ஜீரா வழியும் இனிப்போடு பயணம் செய்கிறவர்கள் பக்கவாட்டு பெர்த் எடுக்காதீர்கள், பெட்டியை நேராக வைக்க இடமே இருக்காது. நான் இரண்டு பெட்டிகளையும் தலைமாட்டில் வைத்துவிட்டுக் காலை மடக்கிப் படுத்தேன். எறும்பு வரும் என்று எதிர் பெர்த்காரர் பயமுறுத்தினார். வரவில்லை. மகபூப்நகர் தாண்டும்போது விழித்துப் பார்த்தால் வெளியே நல்ல தூறல். ரயில் டீயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன், அது டீயே அல்ல.

தங்கியது மல்காஜ்கிரியில், என் ஒன்றுவிட்ட அக்கா கோமதி வீட்டில். அக்காவின் மாமனார் காலத்திலேயே ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக வந்த குடும்பம். அக்காவின் தமிழில் பாதி ஹைதராபாத். காச்சிகுடாவிலிருந்து எட்டுக் கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார். அக்கா வாசலிலேயே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதெல்லாம் கைக்குடா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்துவிட்டாள். இங்கே 'கைக்கு' என்றால் எதற்கு. எதற்கு என்று கேட்டவள் நின்றபடியே இரண்டை முடித்தாள். உபசார வார்த்தை என்று நான் சொன்னதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மறுநாள் தேர்வு பத்தரைக்கு. "முழு ஆட்டோ நக்கோ தம்பி, நூறு ரூபா புடுங்குவான். ஷேர் ஆட்டோல மெட்டுகூடா போ, அங்க மெட்ரோ ஏறினா அடுத்த ஸ்டேஷன் தார்நாகா" என்றாள் அக்கா. "ஹவ், குடை எடுத்துக்கோ." நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். அவள் சொன்னபடியே போனேன். எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய்க்குள் முடிந்தது. ஆராய்ச்சிக்கூடங்கள் நிறைந்த பகுதி என்பதால் சாலையெல்லாம் மரம். ஒன்பதரைக்கே வாசலில் நின்றேன். காவலாளி பெயர் எழுதச் சொன்னார், பையில் என்ன என்று கேட்டார். மிட்டாய் என்றேன். சிரித்துவிட்டு உள்ளே விட்டார். அவர் சிரித்தது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

முதல் மாடி வராந்தாவில் பவித்ரா இல்லை, ஹாஸ்டலிலிருந்து இன்னும் வரவில்லை. நான்கைந்து மாணவர்கள் முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க எனக்கு ஏதோ பழக்கமான பாஷை மாதிரி இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை ஆ, ஏ, ஓ என்று வாய் திறந்தே முடிகிறது. தெலுங்கைக் கிழக்கத்திய இத்தாலியன் என்று சொல்வார்களே, அந்த ஊரிலேயே உட்கார்ந்து அதை ஒப்பிட்டுப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அப்போதுதான் படியேறி வந்தார் சில்வியா. ஐம்பது வயதிருக்கும், பருத்தி சுடிதார், தோளில் துணிப்பை, குட்டையாக வெட்டிய நரைத்த முடி.

நான் எழுந்தேன். பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினேன். ஆங்கிலத்தில், "மேடம், நான் பவித்ராவின் அப்பா. இன்றைக்கு அவளுக்குத் தேர்வு. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள், நாம் இதை யாரிடம்தான் சொல்வதில்லை? பிள்ளையை முதல் நாள் பள்ளியில் விடும்போது டீச்சரிடம் சொல்வோம். பஸ்ஸில் தனியாக ஏற்றிவிடும்போது கண்டக்டரிடம் சொல்வோம். சில்வியாவின் கை பாதி வழி வந்து நின்றது. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுற்றி நின்ற மாணவர்களைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "நோ" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அறைக்குள் போனார். முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என் பெட்டியைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பவித்ரா படியேறி வந்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. நான்தான் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேனே.

"அப்பா, நான் போன்ல இன்னா சொன்னேன்?"

"வெறும் ஸ்வீட்டுதாம்மா."

"இதான்பா அவங்களுக்கு ஆவாதது!"

என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள். அவர்கள் நாட்டில் வேலைக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் பல்கலைக்கழக இடத்துக்கும் யாராவது ஒருவர் சொல்லிவிட வேண்டும் என்பது பழைய வியாதியாம். அதற்கென்றே ஒரு வார்த்தை இருக்கிறது, ரக்கொமாந்தாட்சியோனே. சிபாரிசு. எத்தனையோ திறமைசாலிகள் அதனால் ஊரைவிட்டே போய்விட்டார்கள் என்று சில்வியா முதல் வகுப்பிலேயே சொன்னாராம். சிபாரிசோடு வருகிறவர்களுக்கு நான் தேர்வு வைக்க மாட்டேன் என்றும் சொன்னாராம். போன வருடம் யாரோ பெரிய மனிதரின் கடிதத்தோடு வந்த ஒரு பையனை அப்படியே திருப்பி அனுப்பியும் இருக்கிறார். மூன்று வருடப் படிப்பைக் கையிலிருந்த ஒரு கிலோ பேடாவால் கெடுத்துவிட்டேனே என்று அந்த நிமிடம் நிஜமாகவே நினைத்தேன்.

துறையின் இன்னொரு தேர்வாளர் லலிதா மேடம் வெளியே வந்தார். தெலுங்குக்காரர், நிதானமானவர். "நான் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் மேடம், நான் வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன்.

"எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இப்போது எடுத்துப் போனால் ஒளித்துவைத்த மாதிரி ஆகிவிடும். கொடுங்கள் இப்படி" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அரை மணி நேரம் உள்ளே பேச்சு. இரண்டு குரலும் மாறி மாறிக் கேட்டன. நான் குடிநீர்க் குழாய்க்கும் கதவுக்குமாக நடந்தேன். கடைசியில் கதவைத் திறந்து லலிதா மேடமே எல்லோருக்கும் அறிவித்தார். பெட்டி மூடியபடி மேசைமேல் இருக்கும். பவித்ரா கடைசியாக வருவாள். கேள்வி சில்வியா கேட்பார், மதிப்பெண் லலிதா மேடம் போடுவார், சில்வியா அதில் தலையிட மாட்டார். வழக்கமாக முதல் தலைப்பை மாணவரே தேர்ந்தெடுத்துப் பேசலாம், பவித்ராவுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. தலைப்பு அந்தப் பெட்டிதான். உன் அப்பா இதை ஏன் கொண்டுவந்தார் என்று எங்களுக்குப் புரியும்படி இத்தாலியனில் சொல்.

பவித்ரா தயாரித்து வைத்திருந்ததோ, பழைய பிளாரன்ஸ் நகரத்துத் தோல் தொழிலாளர் சங்கங்களைப் பற்றி. இரண்டு மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியது. அத்தனையும் வீண்.

என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் மூன்று பேருக்குத் தேர்வு நடந்தது, ஒன்றும் என் மனதில் ஏறவில்லை. மேசைமேல் ஆற்காட்டுக் கடையின் சிவப்புப் பெட்டி, ஓரத்தில் ஜீரா கசிந்து அட்டை கறுத்துப் போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பவித்ராவைக் கூப்பிட்டார்கள்.

முதலில் அவள் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிறு வயதில் கணக்கு வராதபோது இப்படித்தான் செய்வாள், அப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லித் தருவேன். இப்போது எனக்கு அந்த அறையில் கதவு, ஜன்னலைத் தவிர ஒன்றும் தெரியாது. பிறகு பேச ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள், போகப் போக வேகம் பிடித்தது. அந்த வேகத்துக்கு நடுவே ஆற்காடு, காட்பாடி, மக்கன் பேடா, அப்பா என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகள் வந்து வந்து போயின. கைகளும் சேர்ந்து பேசின. இந்தக் கைப்பேச்சு எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

சில்வியா குறுக்கே குறுக்கே கேட்டார், சிரிக்காமல் கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பவித்ராவின் தோழி எனக்காகக் காதோடு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டருக்கும் உன் அப்பா இப்படிக் கொடுப்பாரா? "டாக்டருக்கும் கொடுப்பார், பக்கத்துப் படுக்கை நோயாளிக்கும் கொடுப்பார்." அறையில் சிரிப்பு. இந்தப் படிப்பு வேண்டாம் என்று சொன்னதாக நீ வகுப்பில் சொன்ன அதே அப்பாதானே? "ஆமாம். சேர்த்துவிட வந்த அன்றைக்குக் கோபத்தில் என்னோடு பேசவே இல்லை. ஆனால் ஹாஸ்டல் காவலாளிக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார்." எங்கள் ஊரிலும் எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில்தான் ஆரம்பித்தது என்றார் சில்வியா. அதற்குப் பவித்ரா, "அப்படியானால் மதிப்பெண்ணைப் படிக்கும்வரை திறக்காதீர்கள். நான் தோற்றாலும் அப்புறம் திறந்து சாப்பிடுங்கள்" என்றாளாம்.

கடைசியாகச் சில்வியா இன்னொரு கேள்வி கேட்டார். இதற்குப் பதிலாக உன் அப்பா என்ன எதிர்பார்க்கிறார்? பவித்ரா சொன்னது இரண்டு மூன்று வாக்கியம்தான், தாழ்ந்த குரலில். பக்கத்திலிருந்த தோழியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டிருந்தாளே தவிர எனக்கு மொழிபெயர்க்கவில்லை. சில்வியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லலிதா மேடம் என்னைப் பார்த்தார்.

முப்பதுக்கு இருபத்தாறு. பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி. லலிதா மேடம் படித்ததும் எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. உடனே இன்னொரு கண்டம். "ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டார்கள். மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை தேர்வுக்கு வரும் வழக்கமும் அவர்களிடம் இருக்கிறதாம். கொடுத்த மார்க்கை வேண்டாம் என்று சொல்கிறவர்களை நான் என் ஆயுளில் கேள்விப்பட்டதில்லை. எங்கே இவள் பெருமைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாளோ என்று பாதி எழுந்துவிட்டேன். நல்லவேளை, "சி" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்கும் தெரியும். அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

கையெழுத்தெல்லாம் முடிந்ததும் சில்வியா பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "இப்போது கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி என் கையில் வைத்தார். நான் மறுபடி இரண்டு கையாலும் நீட்டினேன். இந்தத் தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அவர் கடித்ததும் ஜீரா மணிக்கட்டு வரை வழிந்தது. இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அறையில் எல்லோருக்கும் போய், கேட்டில் இருந்த காவலாளிக்கும் ஒன்று போனது. எனக்கு மிஞ்சவில்லை. வெளியே வந்ததும் தார்நாகாவிலேயே ஒரு கடையில் பவித்ரா பிரியாணி வாங்கிக் கொடுத்தாள். மூன்று வருடத்தில் நான் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தார்நாகா பக்கம் வேலை என்றால் மல்காஜ்கிரியிலோ உப்பலிலோ தங்குங்கள், வாடகை குறைவு. உப்பலிலிருந்து நேரே மெட்ரோ உண்டு. ஜூலையில் குடை கட்டாயம். ஆட்டோவில் கேட்பதிலிருந்து கால்வாசி குறைத்துப் பேசலாம். மொழிப் படிப்பு சோறு போடுமா என்று கேட்கிறவர்களுக்கு, போடும் போலத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மொழிக்காரர்கள் எதற்கு முகம் சுளிப்பார்கள் என்பதும் பாடத்தில் ஒரு பாதி. அதைப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அவர்கள் போனில் ஒன்றைச் சொன்னால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்பு கொண்டுபோகலாம், மதிப்பெண் வந்த பிறகு திறக்கலாம்.

அன்று மாலையே காச்சிகுடாவில் வண்டி. பவித்ரா ஏற்றிவிட வந்தாள். ஹாஸ்டல் காலி செய்துவிட்டு அடுத்த வாரம் வருவதாகச் சொன்னாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடைசியா அந்த அம்மா கேட்டதுக்கு நீ இன்னா சொன்ன? பக்கத்துல இருந்த பொண்ணு சொல்லவே மாட்டேன்னுடுச்சி."

"அத்த விடுங்கப்பா."

"சொல்லும்மா."

சிக்னல் விழுந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்காமல் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணும் எதிர்பார்க்கலன்னு சொன்னேன். கணக்குன்னா பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருப்பாரு. நான் படிக்கறது அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. இதுல எனக்கு ஒத்தாசை பண்ண அவர்கிட்ட வேற எதுவும் இல்ல, அதான் பொட்டி எடுத்துனு வந்தாருன்னு சொன்னேன்."

வண்டி நகர்ந்தது. அவள் கையசைத்தாள், நானும் அசைத்தேன். நல்லவேளை, மகபூப்நகர் வரைக்கும் எதிர் சீட்டுக்கு யாரும் வரவில்லை.